லேபிள் உதிர்ந்த நாலு ஸ்லைடு: எது எந்த உறுப்பு?

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். ஹெத்தையம்மன் பண்டிகை விடுமுறை முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக்கு மனித இனப்பெருக்கப் பாடத்தைத் திருப்ப வேண்டும். போன வருடம் வரை படத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவோம். பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டே கேட்பார்கள். இந்தத் தடவை நுண்ணோக்கியில் நிஜமாகவே பார்க்க வைக்க வேண்டும் என்று லேப் பீரோவைக் குடைந்ததில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. முன்பு எப்போதோ ஒரு டாக்டர் கொடுத்துவிட்டுப் போனது என்று லேப் உதவியாளர் சொல்கிறார். உள்ளே இருபத்தைந்து ஸ்லைடு. மழைக்கால ஈரத்தில் லேபிள்கள் உதிர்ந்து பெட்டியடியில் கிடக்கின்றன. எழுத்தெல்லாம் பூஞ்சை தின்றுவிட்டது.

அதில் நாலு இனப்பெருக்க உறுப்பு போலத் தெரிகிறது. போனிலேயே போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன்.

முதலாவது: நிறைய வட்டங்கள். வட்டத்துக்குள் அடுக்கடுக்காக ஊதாப் புள்ளிகள்.
இரண்டாவது: விளிம்பில் குட்டிக் குட்டியாகவும் உள்ளே பெரிதாகவும் பைகள்.
மூன்றாவது: நடுவில் ஓட்டை, ஓட்டை முழுக்க இலை இலையாய் மடிப்பு.
நாலாவது: பஞ்சு மாதிரித் திசு, நடுவே குழல்கள்.

பிள்ளைகளிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. உதவுங்கள்.

முதலாண்டு_ஊட்டி எழுதியது:

வணக்கம் மேடம். மருத்துவம் முதல் வருடம். அடுத்த வாரம் எங்களுக்கு ஸ்பாட்டர் தேர்வு (ஸ்லைடைப் பார்த்து உறுப்பின் பெயரை எழுதுவது), அதனால் எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. 1 விந்தகம், 2 சூலகம், 3 விந்துப்பை, 4 கருப்பை. மூன்றில் தேன்கூடு மாதிரி மடிப்பு இருப்பதைப் பாருங்கள், அதுதான் அடையாளம்.

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் திசு ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் செக்ஷன், அதாவது ஸ்லைடுக்கான மெல்லிய திசுச் சீவல், வெட்டியவன். இப்போது ஓய்வு. தம்பி சொன்ன நாலு பதிலில் மூன்று பதில் சரியாக இருக்கலாம், ஆனால் போட்டோவை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம். அவசரப்பட்டு ஸ்லைடை சைலீனில் ஊறப்போட வேண்டாம், கவர்ஸ்லிப் கழன்றுவிடும். மேலே உள்ள அழுக்கை மட்டும் மெல்லிய துணியில் ஒற்றித் துடைத்தால் போதும்.

முதல் ஸ்லைடு. ஒரே ஒரு வட்டத்தை 40 லென்ஸில் கொண்டுவாருங்கள். அது விந்து நுண்குழல் ஒன்றின் குறுக்குவெட்டு. ஒரு மனித விந்தகத்தில் ஏறத்தாழ 250 சிற்றறைகள், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நாலு குழல்கள், ஒவ்வொரு குழலும் அரை மீட்டர் அளவுக்கு நீளம். சுருட்டி வைத்த நூல்கண்டை வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இவ்வளவு வட்டங்களும் தெரிகின்றன.

சுவரிலிருந்து நடுவுக்கு வாருங்கள். சுவரை ஒட்டிச் சிறிய உருண்டை உட்கரு உள்ளவை ஸ்பெர்மட்டோகோனியா, விந்தணுவுக்கான மூலச் செல்கள். அதற்கு உள்பக்கம் வட்டத்திலேயே பெரிய செல்கள், உட்கருவுக்குள் நூல் சிக்கல் விழுந்த மாதிரி இருக்கும். அவை முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட். அந்த நிலையிலேயே மூன்று வாரம் போல இருப்பதால் எந்த வட்டத்திலும் கூட்டமாகக் கிடைக்கும். அடுத்து வரும் இரண்டாம்நிலை செல் ஒரு நாள்கூடத் தங்காமல் பிரிந்துவிடும், அதனால் அதைத் தேடித் தேடிக் கண் வலிக்கும். பாடப்படத்தில் எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் வரைந்திருப்பார்கள், பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான். அப்புறம் சின்ன உருண்டை ஸ்பெர்மாடிட்கள், கடைசியில் வால் முளைத்து நீண்டவை.

சுவரோரம் வெளிறிய, முட்டை வடிவ உட்கரு, நடுவில் ஒரு கரும்புள்ளி என்று தெரிந்தால் அது செர்டோலி செல். 1865-ல் என்ரிகோ செர்டோலி விவரித்தது. அக்கம்பக்கத்துச் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்து, இரத்தத்துக்கும் உள்ளே வளரும் செல்களுக்கும் இடையே ஒரு தடுப்பு போடுகின்றன. விந்தணு பருவ வயதில்தான் முதன்முதலாக உருவாகிறது. உடம்பின் நோய் எதிர்ப்பு அதற்கு வெகு முன்பே தன் செல் எது, அந்நியம் எது என்று படித்து முடித்துவிடும். தடுப்பு இல்லாவிட்டால் விந்தணுவை அந்நியம் என்று தாக்கும்.

இப்போது ஒரு கேள்வி. வட்டத்தைச் சுற்றி வந்து பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, இல்லை ஒரு பக்கம் நீண்ட விந்தணு, மறுபக்கம் உருண்டை மட்டும் என்று ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறதா?

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

ஐயா, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எந்த வட்டத்தை எடுத்தாலும் சுற்றிலும் ஒரே மாதிரிதான். ஆனால் ஒரு வட்டத்துக்கும் பக்கத்து வட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இன்னொன்று, நீண்ட விந்தணுக்களின் தலை உருண்டையாக இல்லை. கவாத்துக் கத்தி மாதிரி நுனி வளைந்திருக்கிறது.

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

கவாத்துக் கத்தி! அருமையாகப் பார்த்தீர்கள். அது மனித விந்தகம் இல்லை டீச்சர், எலி. எலி விந்தணுவின் தலை கொக்கி மாதிரி வளைந்திருக்கும். மனிதனுடையது நீள்வட்டத் தட்டை. எலியில் ஒரு குறுக்குவெட்டு முழுவதும் ஒரே கட்டத்தில் இருக்கும். மனிதனில் ஒரே வட்டத்துக்குள் இரண்டு மூன்று கட்டங்கள் திட்டுத் திட்டாய்க் கலந்து கிடக்கும். மனித விந்தகத்தில் இந்தக் கட்டங்கள் ஆறு என்று 1963-ல் க்ளெர்மான்ட் வகுத்தார். ஒரு சுற்றுக்கு 16 நாள். ஒரு விந்தணு தொடக்கம் முதல் முடிவு வரை உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம்.

அதனால்தான் பிள்ளைகளிடம் முதலில் "இது என்ன" என்று கேட்க வேண்டாம் என்கிறேன். "இது எந்த நேரம்" என்று கேளுங்கள். திசு ஸ்லைடு என்பது நின்றுபோன கடிகாரம். முள் எங்கே நிற்கிறது என்று படிக்கத் தெரிந்தால் உறுப்பு எது என்பது தானாகவே வந்துவிடும்.

முதலாண்டு_ஊட்டி எழுதியது:

இதை எங்களுக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை சார். வட்டத்தைப் பார்த்தால் விந்தகம் என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போவோம்.

தேயிலை (கேத்தி) எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். விந்தணு உருவாகக் குளிர்ச்சி வேண்டும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நம் மலைக்காரர்களுக்கு அதிகமாக உருவாகுமா?

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

உடல் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே உறைபனி கொட்டினால் அங்குள்ள தசைகள் சுருங்கி விந்தகத்தை உடம்போடு ஒட்ட இழுத்துக்கொள்ளும். வெயிலில் தளர்த்திவிடும். ஊட்டியானாலும் திருச்சியானாலும் உடம்பே அந்தச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும்.

கொடைமலை (கொடைக்கானல்) எழுதியது:

நானும் விலங்கியல் ஆசிரியன்தான். இரண்டாவது ஸ்லைடுக்கு வருகிறேன். சூலகத்தின் மேல் தோல் போல ஒரு வரிசைச் செல் இருக்கும். அதற்கு "ஜெர்மினல் எபிதீலியம்" என்று பெயர். இதைத் தமிழில் எப்படிப் பெயர்த்தாலும் முட்டை அங்கிருந்துதான் முளைக்கிறது என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. என் மாணவர்கள் எல்லோரும் அப்படியே எழுதுகிறார்கள். அது தவறு. முட்டைக்கான மூலச் செல்கள் கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து நகர்ந்து வந்து சூலகத்தில் குடியேறுகின்றன. விந்தகத்தில் அதே பெயர் பொருந்தும், ஏனென்றால் அங்கே அந்த அடுக்கு நிஜமாகவே விந்தணுவை உண்டாக்குகிறது. வகுப்பில் இதை அழுத்திச் சொல்லுங்கள் டீச்சர். நான் பல வருடம் சொல்லாமல் விட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

நன்றி சார், கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டாவது ஸ்லைடில் ஒரு குழப்பம். விளிம்பில் குட்டிப் பைகள் நெருக்கமாக, கும்பல் கும்பலாக இருக்கின்றன. உள்ளே பெரிய பைகள் நாலைந்து. ஆனால் பெரிய பைகளில் ஒன்றில்தான் முட்டை தெரிகிறது. மற்றவை வெறுமையாக இருக்கின்றன. முட்டை வெளியேறிவிட்டதா?

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

இல்லை டீச்சர். கத்தி முட்டையின் மேல் போகவில்லை, அவ்வளவுதான். நாங்கள் வெட்டும் ஒரு செக்ஷன் 4, 5 மைக்ரோமீட்டர் தடிமன். வளர்ந்த முட்டை 100 மைக்ரோமீட்டருக்கு மேல். பை அதைவிடப் பல மடங்கு பெரிது. பீன்ஸைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். ஒரு துண்டில் விதை இருக்கும், அடுத்த துண்டு வெறும் தோலாக இருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு பீன்ஸ் கொண்டுபோய் நறுக்கிக் காட்டினால் அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

குட்டிப் பைகள் கும்பலாக இருப்பதால் இதுவும் மனிதனுடையது இல்லை என்றே நினைக்கிறேன். வயதுவந்த பெண்ணின் சூலகத்தில் அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பூனையின் சூலகத்தில் இப்படி விளிம்பு முழுக்க அடைந்து கிடக்கும். ஸ்லைடு விற்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள்.

ஒரு குட்டிப் பையை 40-ல் பாருங்கள். நடுவில் முட்டைச் செல், சுற்றி ஒற்றை வரிசையாய்ச் சப்பையான செல்கள். அந்த முட்டையும், விந்தகத்தில் நூல் சிக்கலோடு பார்த்தீர்களே, அந்தச் செல்லும் குன்றல் பிரிவின் (முட்டையும் விந்தணுவும் உண்டாகும் செல் பிரிவு) ஒரே கட்டத்தில்தான் நிற்கின்றன. ஆணில் அந்தக் கட்டம் மூன்று வாரத்தில் கடந்துவிடும். பெண்ணில் தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்று, அந்த முட்டையின் முறை வரும் வரை அப்படியே காத்திருக்கும். பதினைந்து வருடமாகலாம், நாற்பது வருடமாகலாம். முதல் ஸ்லைடையும் இரண்டாவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பந்தலூர்_நர்ஸ் எழுதியது:

எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள் டீச்சர். ஐந்து மாதக் கருவில் 60, 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் வெளியே வருவது 400 போல. மற்றதெல்லாம் சூலகத்துக்குள்ளேயே சிதைந்து மறைந்துவிடும்.

முதலாண்டு_ஊட்டி எழுதியது:

மூன்றாவது விந்துப்பைதான் என்று இன்னமும் நினைக்கிறேன். எங்கள் டிபார்ட்மெண்ட் ஸ்லைடுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக அப்படியே இருக்கிறது.

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

தம்பி, இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாதவர்கள் கிடையாது. அண்டநாளமும் (முட்டையைச் சூலகத்திலிருந்து கருப்பைக்குக் கொண்டுபோகும் குழாய்) விந்துப்பையும் 10 லென்ஸில் ஒன்று போலவே இருக்கும். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மடிப்புகள் ஒன்றோடொன்று போய் ஒட்டி அறை அறையாக அடைபடுகின்றனவா? ஓட்டைக்குள் ரோஸ் நிறத்தில் சுரப்பு தேங்கியிருக்கிறதா? இரண்டும் இருந்தால் விந்துப்பை. மடிப்புகள் கிளை விட்டு விட்டு நுனி சுதந்திரமாக நின்று, உள்ளே காலியாக இருந்தால் அண்டநாளம். கடைசியாக ஒன்று, அதுதான் தீர்ப்பு. டீச்சர், 40 லென்ஸில் வைத்து, ஸ்லைடு மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்டன்சர் டயஃப்ரமைக் கொஞ்சம் மூடுங்கள். வெளிச்சம் குறையும், விளிம்பு தெளியும். மடிப்பின் ஓரத்தில் புருவ முடி மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

இருக்கிறது ஐயா! டயஃப்ரமை மூடியதும்தான் வந்தது. மெல்லிய குச்சம் மாதிரி, வரிசையாக. ஆனால் எல்லாச் செல்லிலும் இல்லை. நாலைந்து செல்லில் இருக்கிறது, அப்புறம் ஒன்றிரண்டு செல் மொட்டையாக, ஆப்பு அடித்த மாதிரி ஒடுங்கி நிற்கிறது. சுரப்பு எதுவும் இல்லை. மடிப்புகள் நுனியில் ஒட்டவும் இல்லை.

முதலாண்டு_ஊட்டி எழுதியது:

அந்த மொட்டைச் செல்தான் பெக் செல், மேடம். குற்றிழை உள்ளவை முட்டையைக் கருப்பைப் பக்கம் நகர்த்தும், மொட்டையானவை ஊட்டத் திரவம் சுரக்கும். அண்டநாளமேதான். நான் சொன்னது தப்பு. தேர்வுக்கு முன்னால் தெரிந்ததே என்று நிம்மதியாக இருக்கிறது. நன்றி சார்.

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். முதல் ஸ்லைடில் செல்களுக்கு நடுவே வெள்ளையாக விரிசல் தெரிகிறது. அது உடம்பிலேயே அப்படியா?

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

இல்லை. திசு கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் விந்தகம் சுருங்கி அப்படி விரிசல் விடும். அதற்காகத்தான் புவென் கரைசல் இருக்கிறது. 1897-ல் பிரெஞ்சுக்காரர் போல் புவென் கொண்டுவந்தது. பிக்ரிக் அமிலம், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் மூன்றும் சேர்ந்தது. கை பட்டால் நாலு நாளைக்கு விரல் மஞ்சளாக இருக்கும், ஆனால் உட்கரு கண்ணாடி மாதிரித் துல்லியமாக வரும்.

இதில் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. மலையில் ஒரு சிறிய ஆய்வகம். ஜனவரி மாதம், காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஃபார்மலின் கேன் ஜன்னலோரம் தரையில் இருந்தது. ஒரு நாள் பார்த்தால் அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. குளிரில் ஃபார்மால்டிஹைடு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாராஃபார்மால்டிஹைடாகக் கீழே இறங்கிவிடும், மேலே நிற்பதில் சரக்கு குறைந்துவிடும். நான் சொன்னேன். மேலே இருந்தவர், "மேல் தண்ணியை ஊற்று, போதும்" என்றார். அன்றைக்கு வந்தது குழந்தை இல்லாமல் பல வருடமாக அலைந்த ஒருவருடைய விந்தகத் துணுக்கு. மிளகளவு. செக்ஷன் வெட்டிப் பார்த்தால் செல்கள் எல்லாம் சுவரை விட்டு உரிந்து நடுவில் குப்பையாகக் கிடந்தன. விந்தணு உருவாகிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. அவர் மறுபடி ஒருமுறை கத்திக்குப் படுத்தார். சொன்னதோடு நின்றுவிட்டேனே, அந்தக் கேனை நானே தூக்கி எறிந்திருக்க வேண்டாமா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு பனிக்காலத்தில் ஃபார்மலின் கேனை உள்ளறையில் பலகை மேல்தான் வைப்பேன்.

கொடைமலை (கொடைக்கானல்) எழுதியது:

எங்கள் லேபிலும் டிசம்பரில் அந்த வெள்ளைப் படிவு வரும். கெட்டுப்போன சரக்கு என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். நன்றி ஐயா.

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

நாலாவது ஸ்லைடு. நீங்கள் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். குழல்கள் நீளமாக ஓடுகின்றன, லேசாக வளையத் தொடங்கியிருக்கின்றன. குழலின் செல்களில் ஒரு வினோதம். உட்கருக்கள் எல்லாம் அடி விட்டு எழும்பி ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளையாக ஒரு ஓட்டை.

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

டீச்சர், இது மனிதத் திசு. கருப்பையின் உள்வரி, எண்டோமெட்ரியம். அந்த வெள்ளை ஓட்டையில் கிளைக்கோஜன், அதாவது செல் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சத்து, இருந்தது. பதப்படுத்தும்போது கரைந்து போய் வெற்றிடமாகத் தெரிகிறது. உட்கருவுக்குக் கீழே வரிசையாக அது நின்றால் 28 நாள் மாதவிடாய்ச் சுற்றில் 17-ம் நாள் சுமார். 1950-ல் நோயஸ், ஹெர்ட்டிக், ராக் மூவரும் எண்டோமெட்ரியத்துக்கு நாள் குறிக்கும் முறையை எழுதினார்கள். அதை வைத்துத்தான் எங்கள் டாக்டர்கள் ரிப்போர்ட் எழுதுவார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் குழல்கள் ரம்பப்பல் மாதிரி நெளிந்திருக்கும். ஒரு வாரம் முன்னால் என்றால் நேர்க்குழலாக, செல்கள் பிரிந்துகொண்டே இருந்திருக்கும்.

அந்தப் பெண் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் இந்தத் திசுவை எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அவர் சூலகத்திலிருந்து ஒரு முட்டை வெளியே வந்திருக்கிறது. அது இந்தக் கண்ணாடியில் பதிந்திருக்கிறது. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இது ஒரு மனுஷியுடையது என்று சொல்லிக் கொடுங்கள்.

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

இன்றைக்கு வகுப்பு முடிந்தது. பீன்ஸ் நறுக்கினோம். எலியையும் பூனையையும் பக்கத்தில் வைத்தோம். நாலாவது ஸ்லைடை ஒவ்வொருத்தரும் அமைதியாகப் பார்த்தார்கள். அப்புறம் எஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "மிஸ், மாதாமாதம் போறது கெட்ட இரத்தம்னு பாட்டி சொல்றாங்க, இதுல எது கெட்டது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பந்தலூர்_நர்ஸ் எழுதியது:

டீச்சர், இந்தக் கேள்வியை எனக்கு வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். அந்த ஸ்லைடையே காட்டி இப்படிச் சொல்லுங்கள். உள்வரி இரண்டு அடுக்கு. மேலடுக்கு கரு வந்தால் தங்குவதற்காக மாதாமாதம் வளர்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுவருவது சுருள் சுருளான தமனிகள். கரு தங்கவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கும், சுருள் தமனிகள் இறுகும், மேலடுக்கு ரத்தம் கிடைக்காமல் உதிரும். வருவது அந்தத் திசுவும், அங்கே ஓடிய அதே நல்ல ரத்தமும்தான். அடியடுக்குக்கு வேறு தமனி, அது சுருளாக இருக்காது, அதனால் உதிராது. அங்கிருந்துதான் மறுபடி வளரும். உடம்பின் கழிவு எதுவும் அதில் சேர்ந்து வருவதில்லை.

அந்தப் பெண்ணுடைய பாட்டியையும் ஒரு நாள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். கருப்பை வாய்ப் பரிசோதனையில் அசிட்டிக் அமிலம் தடவுவோம், சந்தேகமான இடம் வெள்ளையாகும். அயோடின் தடவினால் நல்ல செல்லில் கிளைக்கோஜன் இருப்பதால் அடர்ந்த பழுப்பாகும், கெட்ட இடம் மஞ்சளாகவே நிற்கும். உங்கள் ஸ்லைடில் ஓட்டையாகத் தெரிந்ததே, அதே கிளைக்கோஜன்தான்.

பனித்துளி (கோத்தகிரி) எழுதியது:

அக்கா, இதை நாளைக்கே சொல்கிறேன். பாட்டியை வரச் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

நாலு ஸ்லைடிலும் டைமண்ட் பென்சிலால் கண்ணாடியிலேயே எழுதிவிட்டேன், இனி ஈரம் தின்னாது: எலி விந்தகம். பூனை சூலகம், பெரும்பாலும். அண்டநாளம். எண்டோமெட்ரியம், மனிதர், 17-ம் நாள் சுமார்.

பெட்டியில் இன்னொன்று கண்ணில் பட்டது. சிறிய வட்டம், நடுவில் நட்சத்திரம் மாதிரி ஓட்டை, சுற்றிலும் தடியான தசை. அந்த எஸ்டேட் பெண்தான் கண்டுபிடித்தாள்.

பாரஃபின் (குன்னூர்) எழுதியது:

விந்து நாளமாக இருக்கலாம், சிறுநீர்க்குழாயாகவும் இருக்கலாம். தசை எத்தனை அடுக்கு என்று அந்தப் பெண்ணையே எண்ணச் சொல்லுங்கள். ஓட்டையின் ஓரச் செல்களில் நீண்ட மயிர் மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். டயஃப்ரமை மூடச் சொல்ல மறக்காதீர்கள்.